பங்காளியின் பார்க்கிங்

நூம்பலிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போக அயனம்பாக்கம் வழி ஒன்று இருக்கிறது. சிக்னல் கிடையாது, லாரித் தொல்லை கிடையாது, நேரமும் மிச்சம். தமிழ்வாணன் அந்த வழியில் போவதில்லை. காலை ஏழேகாலுக்கு பைக்கை எடுத்தால் நேர் எதிர்ப்பக்கம் வேலப்பன்சாவடிக்கு வந்து, நெடுஞ்சாலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே அரை நிமிடம் வேகத்தைக் குறைத்து, அதற்கப்புறம்தான் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவான். கேட்டால், பெட்ரோல் பங்க் அந்தப் பக்கம் என்பான். தினமும் யார் பெட்ரோல் போடுகிறார்கள்?

வேகத்தைக் குறைப்பது கார்களை எண்ணுவதற்கு. எண்ணக்கூடாது என்றுதான் ஒவ்வொரு நாளும் கிளம்புவான். ஆனால் அந்தத் தகர வேலி கண்ணில் பட்டதும் உதடு தானாக அசையத் தொடங்கிவிடும். முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஐம்பதைத் தாண்டும். காருக்கு ஐம்பது ரூபாய் என்று பெருக்கி, ஆள் சம்பளம் கழித்து, மீதியைத் தன் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டு முடிக்கும்போது எஸ்டேட் கேட் வந்திருக்கும். இன்ஜினீயரிங் படிப்பு அவனுக்கு இதற்குத்தான் மிகவும் உதவியது.

வேலியில் ‘ஸ்ரீ வேம்புலி அம்மன் பார்க்கிங்’ என்று போர்டு. ‘ஸ்ரீ’யும் ‘அம்மன்’னும் சின்ன எழுத்து. ‘வேம்புலி’ மட்டும் முழ நீளம். சாமி பெயர்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே டோக்கன் கூண்டில் உட்கார்ந்திருப்பவன் பெயரும் அதுவேதான். தமிழ்வாணனின் பெரியப்பா மகன் வேம்புலி. பத்தாவது இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவன்.

வேறு யாரோ ஒருவனாக இருந்திருந்தால் தமிழ்வாணனுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அந்த நிலம் தாத்தாவுடையது. தமிழ்வாணன் கைக்குழந்தையாக இருந்தபோது அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பத்திரம் இல்லை, சர்வேயர் இல்லை. கோயிலில் வைத்து, இலையில் சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று மடித்துப் போட்டு, தம்பியை முதலில் எடுக்கச் சொன்னார்கள். தம்பி ராஜசேகரனுக்குக் கிழக்குப் பாதி வந்தது. கிணறும் நல்ல மண்ணும் உள்ள பாதி. அண்ணன் முனிரத்தினத்துக்கு மேற்கே பள்ளம். மழை பெய்தால் மூன்று மாதம் தண்ணீர் நிற்கும், எருமைகள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். முனிரத்தினம் ஒரு வருடம் தம்பியோடு பேசவில்லை.

தமிழ்வாணன் ஆறாவது படிக்கும்போது ராஜசேகரன் தன் பாதியை ஒரு புரமோட்டருக்கு விற்றார். அதில் வீடு கட்டினார். மிச்சத்தை மகன் படிப்புக்கென்று போட்டு வைத்தார். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் தமிழ்வாணன். இன்று அந்தக் கிழக்குப் பாதியில் நாற்பது பிளாட்டுகள் நிற்கின்றன. ராஜசேகரன் அங்கே தண்ணீர் மோட்டார் போட்டுவிடும் வேலை பார்க்கிறார். அவர் பங்கு என்று வீட்டில் மிஞ்சியது, கறுப்பு அங்கியும் தொப்பியுமாக மகன் நிற்கும் பட்டமளிப்பு போட்டோ. அது கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தமிழ்வாணனுக்கு, ஒரு ஏக்கர் நிலத்தை ஆணியில் தொங்கவிட்டிருப்பது போலத் தோன்றும்.

பிறகுதான் பள்ளத்துக்கு எதிரே ஆஸ்பத்திரி வந்தது. அதன் அடித்தளத்தில் டாக்டர்களின் கார்களுக்கே இடம் போதவில்லை. அப்பா போன பிறகு பள்ளத்தைக் கையில் எடுத்த வேம்புலி, வீடு இடிக்கிற இடங்களிலெல்லாம் போய் ரப்பீஸை லோடு லோடாக வாங்கிக் கொட்டி, ரோலர் விட்டு, தகரம் அடித்தான். எருமை படுத்த இடத்தில் கார் படுத்தது. அவ்வளவுதான் கதை. மூன்று வருடத்தில் வேம்புலி வெள்ளைக் கார் வாங்கிவிட்டான். தமிழ்வாணன் இன்னும் கான்ட்ராக்டில்தான் இருக்கிறான். எஸ்டேட் கம்பெனியில் பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருப்பதில் பச்சை ஸ்டிக்கர், இல்லாததில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை.

இதில் அவனை உள்ளுக்குள் குடையும் விஷயம் இன்னொன்று உண்டு. கட்டண போர்டில் கீழ்வரி அவன் எழுதிக்கொடுத்தது. ‘டோக்கன் தொலைந்தால் ரூ.500. வாகனத்துக்கோ பொருள்களுக்கோ நிர்வாகம் பொறுப்பல்ல.’ கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்த நாளில் வேம்புலி வந்து, “படிச்சவன் நீ, கெத்தா நாலு வரி எழுதிக் குடுடா” என்றான். ஒரு பிரியாணிக்கு எழுதிக் கொடுத்தான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, அம்மா தாயம்மாளைச் சர்க்கரை டெஸ்டுக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். பைக்கை பார்க்கிங்கில் விட்டு டோக்கனுக்குப் பணத்தை நீட்டினான். வேம்புலி கூண்டுக்குள்ளிருந்தே சத்தம் போட்டான்.

“இன்னாடா இது? நம்ம ஊட்டு வண்டிக்கு டோக்கனா? உள்ள வை. சித்தி, நெழல்ல வுட சொல்லு. வெய்யில்ல சீட்டு சுடும்.”

“இருக்கட்டும்ணா, எல்லாரும் குடுக்கறாங்க இல்ல?”

“எல்லாரும் நீயும் ஒண்ணா? போடா இன்ஜினீயரு.”

தாயம்மாள் பூரித்துப்போனாள். தமிழ்வாணன் இருபது ரூபாயைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தான். கொடுத்திருந்தால் இருபது ரூபாயோடு போயிருக்கும். கொடுக்காதது அன்று முழுவதும் நெஞ்சில் முள்ளாக நின்றது.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வேலிக்கு வெளியே, சாலை ஓரத்தில் கூட்டம். ஒரு பழைய சின்னக் காரின் முன் சக்கரத்தில் மஞ்சள் பூட்டு மாட்டியிருந்தது. இதுபோல ஆறு பூட்டுகளை வேம்புலி புதுப்பேட்டையில் வாங்கி வந்திருந்தான். காசு கொடுக்கத் தயங்கி வேலிக்கு வெளியே நிறுத்துகிறவர்களுக்கு அது. கழற்ற முந்நூறு ரூபாய். ரசீது கிடையாது.

காருக்குச் சொந்தக்காரர் அப்துல் ரசாக், பூந்தமல்லியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். வியர்த்துக் கொட்டியபடி நின்றிருந்தார்.

“பொண்ணுக்கு வலி வந்துட்சிப்பா. எறக்கி உள்ள உட்டுட்டு வர்றதுக்குள்ள பூட்டு போட்டுட்ட. இருவது நிமிசம் கூட ஆவல.”

“போர்டு கீது பாத்தியா பாய்? இங்க நிறுத்தாதேன்னு கொட்ட எழுத்துல கீது.”

“உள்ள நிறுத்துனா காசு கேளு, நாயம். இது ரோடு. ரோட்டுல நிறுத்தாதன்னு சொல்ல நீ யாரு? இன்னா, உங்க பாட்டன் போட்ட ரோடா?”

“போட்டது கவுருமெண்டு பாய். எடம் குட்த்தது எங்க பாட்டன்தான். பத்திரம் காட்டவா?”

கூட்டம் சிரித்தது. ரசாக்கே வாய் கோணிச் சிரித்துவிட்டார். மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக் கொடுத்தார். பூட்டைக் கழற்றிக்கொண்டே வேம்புலி, “பொண்ணா புள்ளயான்னு சொல்லிட்டுப் போ பாய்” என்றான்.

“எதுக்கு? அதுக்கும் ஒரு பூட்டு போடவா?” என்றார் ரசாக். அதற்கும் சிரிப்பு.

தமிழ்வாணன் சிரிக்கவில்லை. சாலைக்கு இடம் கொடுத்த பாட்டன் அவனுக்கும் பாட்டன்தான். ஆனால் அந்தப் பதிலை அவன் சொல்லியிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். நிலத்தோடு பாட்டனையும் சேர்த்து வேம்புலி எடுத்துக்கொண்டுவிட்டதாகத் தோன்றியது. அம்மாவை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, ரசாக்கின் போன் நம்பரை வாங்கிக்கொண்டான். பக்கத்தில் இன்னொரு காரில் மாட்டியிருந்த பூட்டைப் போட்டோ எடுத்தான்.

அன்று மாலையே மனு எழுத உட்கார்ந்தான். நான்கு பக்கம் கடகடவென்று வந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தான். பூட்டும் ரசாக்கும் ஒரு பக்கம். மீதி மூன்று பக்கத்தில் வெள்ளைக் கார், வேம்புலி மனைவியின் புது வளையல்கள், கூண்டில் ஓடும் ஏர்கூலர், பத்தாவது பெயில். ‘மேற்படி நபர் கல்வித் தகுதி ஏதுமற்றவர் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்’ என்று ஒரு வாக்கியம். அதைப் படித்தபோது அவனுக்கே காது சூடானது. மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டான். மிஞ்சிய ஒரு பக்கத்தில் எல்லாமே நியாயம். உரிமம் இல்லாமல் நடத்துவது, பொதுச் சாலையில் பூட்டுப் போடுவது, ரசீது தராதது, தொலைந்த டோக்கனுக்கு ஐந்நூறு. அந்தக் கடைசி விஷயத்தை எழுதும்போது பிரியாணி ஞாபகம் வந்தது. பேனா நிற்கவில்லை.

நியாயம்தான். ஆனால் கிழித்த மூன்று பக்கமும்தானே தன் உண்மையான மனு என்று ஒரு சந்தேகம் அவனை விடவில்லை. அம்பத்தூரில் ரயில் பிடிக்கப் போகும்போதெல்லாம் ஒரு தனியார் ஸ்டாண்டில் பைக்கை விடுவான். அங்கேயும் ரசீது இல்லை. மழையில் சீட் நனையும். கேட்காமலே கட்டணம் ஏறும். மூன்று வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், அது அநியாயம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த ஸ்டாண்டுக்காரன் பெயர்கூடத் தெரியாது. பெயர் தெரியாதவன் மேல் யாருக்குக் கோபம் வருகிறது?

இருந்தாலும் மனுவை இணையத்தில் ஏற்றினான். போனுக்கு மனு எண் வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, நகராட்சி ஊழியர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று ராஜசேகரனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். சர்க்கார் உறை என்றதும் ராஜசேகரன் அதை மகனிடம் நீட்டினார்.

“கண்ணாடி எங்க வெச்சனோ. நீ படிடா.”

தமிழ்வாணன் பிரித்தான். பெறுநர் என்ற இடத்தில் இரண்டு பெயர். ஒன்று, ராஜசேகரன். இரண்டு, முனிரத்தினம். அவனுக்குப் புரியவில்லை. அடுத்தது ‘பார்வை’ என்று ஒரு வரி. ‘திரு. ரா. தமிழ்வாணன் என்பாரது இணையவழி மனு.’ அந்த வரியைத் தாண்டிக் குதித்துப் படித்தான். மேற்படி பட்டாதாரர்களுக்குச் சொந்தமான இடத்தில் உரிமமின்றி வாகன நிறுத்தகம் நடத்தி, பொதுச் சாலையில் நிற்கும் வாகனங்களைப் பூட்டிப் பணம் வசூலிப்பதாகப் புகார் வந்துள்ளது. உரிய ஆவணங்களுடன் புதன்கிழமை நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். தவறினால் அபராதமும் மேல்நடவடிக்கையும்.

“அய்யய்யோ” என்றார் ராஜசேகரன். “நான் எங்கடா வண்டி வுட்டேன்? மோட்டார் போட்டுகினு கெடக்கறேன்.”

“உங்க பேரு எப்படிப்பா பட்டாவுல? அதுவும் முதல்ல?”

“அது பாகத்துக்கு முன்னால போட்ட பட்டா. தாலுகா ஆபீசுக்கு வாண்ணான்னா உங்க பெரியப்பன் சினிமாவுக்குப் போயிட்டான். நான்தான் போய் நின்னேன். எம் பேர மொதல்ல எழுதிகினாங்க.”

விஷயம் மெல்ல வெளியே வந்தது. கிழக்குப் பாதியை வாங்கியவர்கள் அதைத் தனியாக அளந்து பட்டா மாற்றிக்கொண்டார்கள். மேற்குப் பாதியிலிருந்து ராஜசேகரன் பெயரை நீக்க, அண்ணன் தம்பி இருவரும் பூந்தமல்லிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பாகம் பிரித்த புதிதில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேச்சு வந்தபோது இது மறந்துபோனது. அப்புறம் முனிரத்தினமே போய்விட்டார். அரளிப்பூ போட்டுப் பிரித்த பாகம் இவர்களுக்குத்தான் தெரியும், சர்க்காருக்குத் தெரியாது.

தமிழ்வாணன் போனில் பட்டாவைத் தேடி எடுத்தான். அப்பா பெயர் முதலில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பா, இதுப்படி பாத்தா பாதி உங்களுது.”

மனுவை அந்தக் கணம் மறந்தே போனான்.

ராஜசேகரன் தாடையைச் சொறிந்தார். “நேத்து நாப்பத்தி மூணு” என்றார்.

“என்னது?”

“காரு. சாயங்காலம் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போனேன் இல்ல.”

அடுப்படியிலிருந்து தாயம்மாள் குரல் வந்தது. “அது ஆறு மணிக்கு. நான் கோயிலுக்குப் போறப்போ அம்பத்திரண்டு நின்னுகினு இருந்துச்சி.”

இத்தனை நாளும் தான் ஒருவன்தான் எண்ணுவதாகத் தமிழ்வாணன் நினைத்திருந்தான்.

“கேட்டுத்தான் பாக்கறது” என்றார் ராஜசேகரன். “தப்பா இன்னா? பேரு கீது இல்ல?”

கேட்கப் போக வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை வேம்புலியே வந்தான். கையில் அதே மாதிரி உறை.

“சித்தப்பா, எங்க அப்பனுக்கு லெட்டர் வந்துகீது. செத்து ஆறு வருசம் ஆச்சி, கவுருமெண்டு இப்பதான் வெசாரிக்குது” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “உங்க பேரும் கீதாமே?”

“மொதல்ல கீது” என்றார் ராஜசேகரன், கூரையைப் பார்த்தபடி.

“அப்போ பாதி…” என்று தாயம்மாள் இழுத்தாள்.

“பாதி இன்னா சித்தி, முழுசா எடுத்துக்கோ. லைசென்ஸ் இல்லாம மூணு வருசம் ஓட்டுனதுக்கு அபராதம். பூட்டு போட்டதுக்கு போலீஸ் கேசு கூட ஆவும்ன்றாங்க. மொத பேரு யாருதோ அவுங்களத்தான் மொதல்ல கூப்புடுவாங்களாம்.”

ராஜசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எனக்கும் அதுக்கும் இன்னாடா சம்பந்தம்? நான்தான் எம் பாகத்த வித்துட்டனே!”

வேம்புலி தொடையைத் தட்டிச் சிரித்தான். காபி குடித்தான். கிளம்பும்போது தமிழ்வாணனைப் பார்த்து, “வண்டி வரைக்கும் வாடா” என்றான்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் சிரிப்பு இல்லை. உறையைப் பிரித்து விரல் வைத்துக் காட்டினான்.

“பார்வைன்னு கீது. படி.”

தமிழ்வாணன் படிக்கவில்லை.

“எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம் இல்ல? அண்ணா, இந்தப் பூட்டு தப்புன்னு.”

“சொன்னா கேட்டிருப்பியா?”

“கேட்டிருக்க மாட்டேன். நல்லா திட்டியிருப்பேன். ஆனா நீ எம் மூஞ்சிக்கு நேரா சொன்னன்னு இருந்திருக்கும்.”

தமிழ்வாணன் தப்பிக்க ஒரு வழி தேடினான். “உனக்கு என்னைப் பாத்து ஒரு தடவைகூட வயிறு எரிஞ்சதில்லையாண்ணா? படிச்சேன், கம்பெனிக்குப் போறேன், கழுத்துல கார்டு மாட்டிகினு…”

வேம்புலி நிஜமாகவே யோசித்தான். “உன்னப் பாத்தா? தெர்லடா. நான் உன்னப் பத்தி நெனைச்சதே இல்ல. எனக்கு எங்க டைம் கீது?”

குத்திக்காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. எத்தனையோ மாதம், தினமும் காலை அரை நிமிடம் இவனுக்காக வேகம் குறைத்திருக்கிறான். இவனுக்கோ அவனைப் பற்றி ஒரு நினைப்புமில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அப்பாவோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனான். வராந்தா பெஞ்சில் ரசாக் உட்கார்ந்திருந்தார். தமிழ்வாணன்தான் போன் செய்து சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தான். பேரன் பிறந்திருந்தான், போனில் போட்டோ காட்டினார். “ரசீது இல்லாத முந்நூறு ரூபாய்க்கு நான் இன்னா தம்பி சாட்சி சொல்றது? போனது போட்டும். இன்னொருத்தனுக்கு ஆவாம இருந்தா சரி” என்றார்.

வேம்புலி தமிழ்வாணனையும் ராஜசேகரனையும் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனான்.

“இத பாரு, சண்ட வாணாம். மனு குட்த்தவன வாபஸ் வாங்க சொல்லு. சித்தப்பாவுக்கு மாசா மாசம் நான் ஒரு தொக குட்த்துடறேன். பங்குன்னு இல்ல. ஒரு பாசத்துல. ஆஸ்பத்திரி செலவு கீது, மாத்திர கீது…”

“பூட்டு?”

“பூட்டு இல்லாங்காட்டி எவன்டா உள்ள வருவான்? எல்லாம் ரோட்டுலயே நிறுத்திடுவான்.”

ராஜசேகரன் மகன் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. தமிழ்வாணன் பெஞ்சில் இருந்த ரசாக்கைப் பார்த்தான். அவர் பேரனின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி ஜெயப்பிரியா கண்ணாடி போட்ட இளம்பெண். கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“மனுதாரர் தமிழ்வாணன் யாரு? நீங்களா? முதல் பட்டாதாரர்?”

“என் அப்பாங்க.”

“அப்போ புகார் யார் மேல? உங்க மேல நீங்களே குடுத்துக்கிட்டீங்களா?”

அறையிலிருந்த எழுத்தர்கள் சிரித்தார்கள். வேம்புலியும் சிரித்தான். ராஜசேகரன் மெல்ல மகன் பக்கம் திரும்பினார். பார்வை வரியில் இருந்த பெயர் யாருடையது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜெயப்பிரியா விரல் மடக்கிச் சொன்னார். “இடத்துல உங்களுக்குப் பங்கு இருக்குன்னா, நடந்ததுக்கும் பங்கு உண்டு. அபராதம் ரெண்டு பேருக்கும். பங்கு இல்லன்னா அப்பா எழுதிக் குடுக்கட்டும், பேர நீக்கச் சொல்லித் தாலுகாவுக்கு அனுப்பிடலாம். பேசித் தீத்துக்கிட்டோம்னு சொன்னீங்கன்னா நான் கோப்ப மூடிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுவேன். சீக்கிரம் சொல்லுங்க.”

பேசித் தீர்த்துக்கொண்டோம் என்றால் மாதாமாதம் பணம். அதை எண்ணிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. எண்ணிக்கை அவனுக்கு மனப்பாடம். ஆனால் முதல் தேதி வேம்புலி வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து எடுத்து, “சித்தி, வெச்சிக்கோ” என்று நீட்டுவதும் கண்ணில் தெரிந்தது. அம்மா பூரித்துப்போவாள். அவன் கூடத்தில் போட்டோவுக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“மனு இருக்கட்டும் மேடம்” என்றான். “இடத்துல எங்களுக்குப் பங்கு இல்ல. அப்பா வித்துட்டாரு. பூட்டைத்தான் எடுக்கணும்.”

நியாயத்துக்காகச் சொன்னானா, வேம்புலியின் கையிலிருந்து வாங்கக்கூடாது என்பதற்காகச் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை. வாய் திறந்ததும் சொற்கள் வந்துவிட்டன. எழுத்தர் எழுதிக் கொடுத்த தாளில் ராஜசேகரன், அதைக் கிழித்துவிடுவது போலக் கையெழுத்தைப் போட்டார். வெளியே வந்து, “புள்ளயா நீ?” என்று மட்டும் கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். நான்கு நாள் மகனோடு பேசவில்லை. அவர்கள் வீட்டு வழக்கம் அது.

ரசாக்தான் கடைசியில் தோளைத் தட்டினார். “சொந்தக்காரன்னு தெரிஞ்சும் உட்டுக் குடுக்கல தம்பி. பெரிய மனசு.” தமிழ்வாணன் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

உத்தரவு வந்தது. பூட்டுகள் ஆறும் பறிமுதல். அபராதத்தை வேம்புலி கட்டினான், உரிமம் எடுத்தான். டோக்கன் தொலைந்தால் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி அன்றைய கட்டணம் மட்டும் கொடுத்தால் போதும். ஆளை ஏற்றி இறக்கப் பத்து நிமிடம் இலவசம். எல்லாவற்றுக்கும் அச்சடித்த ரசீது. பூட்டு போனால் தொழில் படுத்துவிடும் என்று தமிழ்வாணன் நினைத்திருந்தான். நினைத்தானா, விரும்பினானா, அதுவும் ஒரு கேள்வி. நடந்ததோ வேறு. உரிம எண் போட்ட போர்டைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்காரர்களே தங்கள் நோயாளிகளின் வண்டிகளை அங்கே அனுப்ப வேம்புலியோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அம்மாவுக்கு டெஸ்ட். பைக்கை உள்ளே விட்டதும் சீருடை போட்ட ஓர் ஆள் கையிலிருந்த மிஷினில் சீட்டு கிழித்து நீட்டினான். இருபது ரூபாய், ஹெல்மெட்டுக்கு ஐந்து. தமிழ்வாணன் ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்தான். கூண்டிலிருந்து வேம்புலி எட்டிப் பார்த்தான்.

“வா சித்தி, சக்கர எறங்கிச்சா?” என்று கேட்டான். பிறகு தமிழ்வாணனிடம், “அஞ்சு ரூபா சில்ற கீதா தம்பி?” என்றான். யாரோ ஒருவனிடம் கேட்பது போல.

அம்மா உள்ளே போனதும் தமிழ்வாணன் வேலி ஓரமாக நின்றான். ஒரு டாக்ஸி வந்து, சாலையோரத்தில் ஒரு முதியவரை மெதுவாக இறக்கியது. டிரைவர் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்து வண்டியை எடுத்துப் போனான். எட்டு நிமிடம். தமிழ்வாணன் போனில் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரும் வரவில்லை, யாரும் பூட்டவில்லை. அந்த எட்டு நிமிடம் தன்னால் வந்தது என்று நினைத்தபோது மனசு லேசாகியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. திரும்பினான். கூண்டின் பின்சுவரில் ஏர்கூலர் இருந்த இடத்தில் புது ஏ.சி. ஒன்று சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

எவ்வளவு இருக்கும் அது? முப்பத்தைந்தாயிரமா?

வீட்டுக்கு வந்ததும் ராஜசேகரன் ஒன்றும் கேட்கவில்லை, டி.வி.யின் சத்தத்தை மட்டும் குறைத்தார். தாயம்மாள்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“நான் உள்ள போயிட்டேன். இன்னிக்கி எத்தினிடா நின்னுச்சி?”

“எண்ணலம்மா” என்றான்.

அறுபத்தாறு.